வெளிநாட்டு ராஜதந்திரக் கல்விப் பயணம்: செட்டிநாட்டு மாணவர்களும் பெற்றோரும் கேட்பவை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ராஜதந்திரம், தலைமைப் பண்பு குறித்த வெளிநாட்டுக் கல்விப் பயணங்களுக்குப் பெயர் கொடுக்கும்போது அவர்களைத் தயார்செய்யும் வேலையில் இருக்கிறேன். பிள்ளைகளும் வீட்டுப் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை, அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் சேர்த்திருக்கிறேன். கட்டணங்களும் விசா விதிகளும் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இது டூரா, படிப்பா? அங்கே போய் என்னதான் செய்வாங்க?

சர்வதேச அமைப்புகள் இயங்கும் ஊர்களுக்குப் போய், அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்து, அதைச் செய்கிறவர்களிடம் கேள்வி கேட்டுத் திரும்புவதுதான் இந்தப் பயணம். பெரும்பாலும் ஜெனிவா, ஹேக், வியன்னா. ஜெனிவாவில் ஐ.நா.வின் ஐரோப்பியத் தலைமையகம் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் உருவான பழைய சர்வதேச சங்கத்துக்காகக் கட்டிய மாளிகை அது. உலக சுகாதார நிறுவனம், உலக வர்த்தக அமைப்பு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, செஞ்சிலுவைக் குழு எல்லாம் அதே ஊரில்தான். ஹேக் நகரில் 1913-இல் திறந்த அமைதி மாளிகையில் சர்வதேச நீதிமன்றம் இயங்குகிறது. வியன்னாவில் சர்வதேச அணுசக்தி முகமை இருக்கிறது. தூதர்களுக்கான உரிமைகளை வகுத்த 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் வியன்னாவில் உருவானதே.

காலையில் ஓர் அமைப்பில் விளக்கவுரை, பிற்பகலில் ஒரு நாட்டின் தூதுக்குழுவுடன் சந்திப்பு, மாலையில் மாணவர்கள் ஆளுக்கொரு நாடாக உட்கார்ந்து பேச்சுவார்த்தைப் பயிற்சி என்று போகும். நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். யாரைச் சந்திக்கிறோம், எத்தனை மணி நேரம், முன்கூட்டி என்ன படிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஏரி, பனிமலை, சாக்லேட் தொழிற்சாலை மட்டும் நேரம் போட்டு எழுதியிருந்து, சந்திப்புகள் எல்லாம் "உறுதி செய்யப்படும்" என்று கிடந்தால் அது உல்லாசப் பயணம்தான். அதற்குப் போவது தப்பில்லை. படிப்பு என்று நினைத்துப் பணம் கட்ட வேண்டாம்.

பொலிட்டிக்கல் சயின்ஸ் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? என் மக பி.காம். படிக்கிறா.

தாராளமாகப் போகலாம். உலக வர்த்தக அமைப்பில் நடப்பது முழுக்க வரி, மானியம், ஒப்பந்தம். வணிகவியல் படித்த பிள்ளைக்கு அங்கே பேசுவது சீக்கிரம் பிடிபடும். சட்டம், பொருளாதாரம், வேளாண்மை, நர்சிங் எதுவானாலும் ஜெனிவாவில் அதற்கென்று ஓர் அமைப்பு இருக்கும்.

நம்ம ஊர்ப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குங்க? கலெக்டர் பரீட்சைக்குப் படிச்சாலாவது பிரயோஜனம் உண்டு.

நம் பக்கத்துக் குடும்பங்களில் இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ராஜதந்திரம் பலித்ததாலும் பலிக்காததாலும் இவ்வளவு தூரம் பாதிக்கப்பட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் குறைவு. கானாடுகாத்தான் வீடுகளில் நிற்கும் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து வந்தவை. அங்கே வட்டித்தொழில் செய்தவர்கள் நம் பக்கத்து நகரத்தார். 1930-களின் விலை வீழ்ச்சியில் அவர்களிடம் கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. அந்த நாட்டு விவசாயியின் கோபமும் அதோடு வந்தது. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகரீதியாகப் பிரிந்தது. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தது. 1948-இல் சுதந்திரம் பெற்ற கையோடு நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. பத்திரமும் கணக்குப் புத்தகமும் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தும் நிலம் போய்விட்டது. வேறொரு நாட்டில் உள்ள சொத்தை இரண்டு அரசுகளுக்கு இடையிலான உறவுதான் காக்கும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது.

இலங்கையையும் பாருங்கள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்தி வைத்தது. தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கப்பலில் ராமேசுவரம் வந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் கல்லூரிகளில் படிக்கிறார்கள். இப்படி ஓர் எண் எந்த அறையில், எந்தப் பேச்சில் முடிவாகிறது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

தலைமைப் பண்புன்னு போட்டிருக்காங்க. பத்து நாள்ல அதைக் கத்துக்கொடுக்க முடியுமா?

முடியாது. நகரத்தாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் கடைநிலையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர் அடுத்தாளாகி, மேலாளாக வருவதற்குப் பல வருடம் ஆனது. நல்ல பயணம் தருவது பழகிப் பார்க்க ஓர் இடம் மட்டும்: கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது, எதிர்த்துப் பேசுகிறவரை முடிக்கவிடுவது, பதினைந்து பேரும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு பத்தி எழுதுவது.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் கடினமானது. ரங்கூனில் போட்டிக் கடைக்காரர்களாக இருந்த நகரத்தார் கோவிலில் கூடி, அந்த மாதத்து நடப்பு வட்டியைப் பேசி முடிவு செய்தார்கள். ஆளாளுக்குக் கணக்கு வேறு, ஆனாலும் எல்லோரும் ஏற்கும் ஒரு வீதம் வேண்டும். ஐ.நா. தீர்மானம் எழுதுவதும் இதே வகை வேலை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் போவதற்கு முன் அந்த நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். பயிற்சி அறையில் நிச்சயம் உதவும்.

"நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்"னு மெயில் வந்திருக்கு. ஐ.நா. சர்டிபிகேட் தருவாங்களாம். நம்பலாமா?

விண்ணப்பமே செய்யாமல் தேர்வானால், தேர்வு எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தம். மாதிரி ஐ.நா. மாநாடு நடத்தும் தனியார் நிறுவனங்கள் நிறைய உண்டு. அவற்றில் உருப்படியாக நடத்துகிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் தரும் சான்றிதழ் அவர்களுடையது, ஐ.நா.வுடையது கிடையாது. ஜெனிவா ஐ.நா. மாளிகையைக் கட்டணம் கட்டி, முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டைக் காட்டி யார் வேண்டுமானாலும் வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கலாம். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சிலர் "ஐ.நா.வில் பயிற்சி" என்று அச்சடித்து விற்கிறார்கள்.

நான் கேட்கச் சொல்வது மூன்று விஷயம். உங்கள் கல்லூரி இதை எழுத்தில் அங்கீகரித்திருக்கிறதா? படிப்பில் சேரும் பாடக் கிரெடிட் உண்டா? ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும்? "இன்று இரவுக்குள் கட்டினால் சலுகை" என்று அவசரப்படுத்தினால் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு ஆகும்? நகையை வெச்சு அனுப்பலாமா?

விமானம், தங்குமிடம், விசா, காப்பீடு, பயிற்சிக் கட்டணம், கைச்செலவு என்று தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். மொத்தமாக ஒரே தொகை சொன்னால் எதில் எவ்வளவு லாபம் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்குப் பணம் கட்டும்போது டி.சி.எஸ். என்று வருமான வரியில் ஒரு பகுதியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம், ரசீதை வைத்திருங்கள். ஜெனிவா செலவு மிகுந்த ஊர். ஆனால் அங்கே ஹோட்டலிலோ விடுதியிலோ தங்குகிறவர்களுக்கு நகரப் பேருந்து, டிராம் இலவச அட்டை உண்டு. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

நகையை அடகு வைத்துப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. இந்தப் பயணம் வேலை வாங்கித் தராது. கல்லூரிக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தோடு எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒப்பந்தம் இருந்தால் உதவித்தொகையிலேயே போகும் வழி உண்டா என்று சர்வதேச உறவுப் பிரிவில் கேளுங்கள். இல்லாவிட்டால் டெல்லிக்கோ சென்னைத் துணைத் தூதரக நிகழ்ச்சிகளுக்கோ முதலில் போகலாம். மேல்படிப்பில் இன்னொரு வாய்ப்பு வரும்.

பாஸ்போர்ட் எங்கே எடுக்கணும்? இனிஷியல் நாலு இருக்கே, என்ன பண்றது?

செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. சிவகங்கை மாவட்ட முகவரி என்றால் மதுரை பாஸ்போர்ட் அலுவலகம், புதுக்கோட்டை மாவட்டம் என்றால் திருச்சி. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000. விடுதியில் இருக்கும் பிள்ளைகள், போலீஸ் விசாரணை எந்த முகவரிக்கு வரும் என்று யோசித்து எழுதுங்கள்.

நம் பக்கத்துப் பெயர்களில்தான் சிக்கல். பாட்டனார், அப்பச்சி என்று வரிசையாக இனிஷியல் போட்டிருப்போம்; பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். எப்படி விரிக்கிறீர்களோ அதே எழுத்துக்கூட்டல் வங்கிக் கணக்கு, கல்லூரிக் கடிதம், காப்பீடு, விமான டிக்கெட் எல்லாவற்றிலும் இருக்கட்டும். பயணம் முடிவாகும் முன்பே இதைச் சரிசெய்துவிட்டால் பாதித் தலைவலி தீர்ந்தது.

ஷெங்கன் விசாவுக்கு எவ்வளவு? எப்போ விண்ணப்பிக்கணும்?

ஷெங்கன் என்பது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகியகால விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். அவ்வளவு நெருக்கத்தில் போகாதீர்கள். பல நாடுகள் சேர்ந்த பயணம் என்றால் அதிக நாள் தங்கும் நாட்டின் விசா மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; நாள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டின் மையத்தில். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனாலும் ஷெங்கனில் இருக்கிறது, அதே விசா போதும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆனால் படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ போகும் மாணவர்களுக்கும் உடன்போகும் ஆசிரியர்களுக்கும் இந்தக் கட்டணத்தை ஷெங்கன் விசா சட்டமே தள்ளுபடி செய்கிறது. இது பலருக்குத் தெரியாது; ஏஜென்டுகள் சொல்வதும் இல்லை. பயணத்தின் நோக்கம் கல்வி என்று கல்லூரிக் கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். சுற்றுலா என்று எழுதிவிட்டால் சலுகை போய்விடும். விசா மையத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனி.

கைரேகை வைக்கச் சென்னை போக வேண்டும். காலையில் பல்லவன் ரயிலில் ஏறினால் எழும்பூர் சேரப் பகல் ஆகிவிடும். அன்றைக்கே காலை நேரம் வாங்கிவிட்டுத் தவிக்காதீர்கள்.

அப்பா வருமான வரி கட்டினதில்லை. விவசாயம்தான். விசா கிடைக்குமா?

கிடைக்கும். செலவை யார் ஏற்கிறார்கள், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது ஆவணத்தில் தெரிந்தால் போதும். நெல் விற்ற ரசீது, நிலப் பட்டா, சில மாத வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்து ஒரு விளக்கக் கடிதம் வையுங்கள். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் திடீரென்று பெரிய தொகையைக் கணக்கில் போட்டுக் காட்டுவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். சித்தப்பா மலேசியாவிலிருந்து அனுப்பினால் அப்படியே சொல்லுங்கள், அவருடைய கடிதத்தையும் இணையுங்கள்.

இங்கிலீஷ் சரளமா வராது. அவமானமாகிடுமோன்னு பயமா இருக்கு.

ஐ.நா.வில் அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் ஆகிய ஆறு மொழிகள் அலுவல் மொழிகள். கூடத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆங்கிலம் தாய்மொழி கிடையாது. அதனால் சிறு வாக்கியமாக, நிதானமாகப் பேசுகிறவரைத்தான் எல்லோரும் விரும்புவார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு கேள்வியை முன்பே எழுதி, சத்தமாகப் படித்துப் பழகுங்கள். அமைப்பின் இணையதளத்தைப் பார்த்தாலே விடை கிடைக்கும் கேள்வி வேண்டாம். "உங்கள் வேலையில் போன வருடம் எந்த விஷயம் முடியாமல் நின்றது, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிறவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

பொம்பளப் பிள்ளையத் தனியா அனுப்பச் சொல்றீங்களா?

தனியாக அனுப்ப வேண்டியதில்லை. உடன்வரும் பெண் ஆசிரியர் யார், அறையில் யாரோடு தங்குகிறாள், விடுதி முகவரி என்ன, இரவு எத்தனை மணிக்கு வருகை எடுப்பார்கள் என்பதைக் கிளம்புவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். இதையே பையன்களைப் பெற்றவர்களும் கேட்க வேண்டும். அந்தந்த நாட்டு இந்தியத் தூதரகத்தின் அவசர எண் பிள்ளையின் கைபேசியிலும் இருக்கட்டும், தாளில் எழுதிப் பையிலும் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு என்ன கொடுத்து விடலாம்? ஆச்சி மாவுருண்டை பிடிக்கிறேங்குறாங்க.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு கொடுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் சுவிட்சர்லாந்துக்கும் வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருள்களைப் பயணிகள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. அதனால் நெய், பால்கோவா, இறைச்சித் தொக்கு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நெய் ஊற்றிப் பிடித்த மாவுருண்டையையும் திரும்பி வந்து சாப்பிடலாம்.

கோட் சூட் கட்டாயமா?

இல்லை. சுத்தமான முழுக்கைச் சட்டை, பேன்ட், நடக்கத் தோதான ஷூ போதும். கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு தூதுக்குழுச் சந்திப்புக்குப் போவது மிகப் பொருத்தம். குளிர் மாதம் என்றால் ஸ்வெட்டரை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள்.

ஜெனிவான்னா ஈழப் பிரச்சினைதானே? அங்கே போய் அதைப் பேசலாமா?

பேசலாம், ஆனால் அந்த மன்றம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். நம் செய்தித்தாள்களில் வரும் "ஜெனிவா" என்பது மனித உரிமைகள் பேரவை. 2006-இல் அமைந்தது, 47 உறுப்பு நாடுகள், வருடத்துக்கு மூன்று வழக்கமான கூட்டத்தொடர்கள். நாடுகள்தான் வாக்களிக்கும். ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றத்திடம் ஆலோசனைத் தகுதி பெற்ற தொண்டு அமைப்புகள் ஓரிரு நிமிடம் பேசலாம். சுற்றிப் பார்க்க வந்த மாணவர் எழுந்து பேச முடியாது. அந்தப் பொருளாதார, சமூக மன்றத்துக்கு 1946-இல் முதல் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஆற்காடு ராமசாமி முதலியார். சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்களிலும் அவர் ஒருவர். நம் பிள்ளைகள் அந்தக் கட்டடத்துக்குள் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இலங்கை குறித்த தீர்மானங்களில் இந்தியா 2012-இலும் 2013-இலும் ஆதரித்து வாக்களித்தது. 2014, 2021, 2022 ஆண்டுகளில் வாக்களிப்பில் கலந்துகொள்ளவில்லை. ஏன் மாறியது? தமிழ்நாட்டு அரசியலா, சீனாவின் நெருக்கமா, தீர்மானத்தில் இருந்த வாசகமா? 2012 தீர்மானத்தையும் 2014 தீர்மானத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். இரண்டாவதில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகமே விசாரிக்க வேண்டும் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு ஒரு தூதரிடம் கேட்கும் கேள்விக்கும், வெறும் ஆவேசத்தோடு கேட்கும் கேள்விக்கும் கிடைக்கும் பதில் வேறு. ஆவேசம் இருப்பது நியாயம்தான். மண்டபத்தில் இறங்கியவர்களைப் பற்றி மேலே சொன்னேனே, நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

பயிற்சியில் எனக்கு இலங்கையின் பக்கம் பேசச் சொல்லிட்டாங்க. எப்படிப் பேசுவேன்?

பேசுங்கள். எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லத் தெரிந்தால்தான் பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு விடை சொல்ல முடியும். கச்சத்தீவுக்கும் அப்படியே: 1974 ஒப்பந்தத்தையும் 1976-இல் பரிமாறிய கடிதங்களையும் படித்து, கொழும்பிலிருந்து பார்த்தால் எப்படித் தெரிகிறது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ராமேசுவரத்து மீனவர் பக்கத்தை அதன் பிறகு எழுதுங்கள். முன்னைவிடக் கூர்மையாக வரும். மனசாட்சி ஒப்பவே ஒப்பாத நிலைப்பாடு என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். குறை ஒன்றும் இல்லை.

கூட்டத்துல தூதர் சொன்னதை இன்ஸ்டாவுல போடலாமா?

முதலில் விதியைக் கேளுங்கள். பல கூட்டங்கள் சாத்தம் ஹவுஸ் விதிப்படி நடக்கும். 1927-இல் லண்டனில் உருவான வழக்கம் அது: கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், எந்த அமைப்பு என்பதை வெளியிடக் கூடாது. படம் எடுத்து அடியில் அவர் சொன்னதைப் போட்டால் விதி உடைந்தது. ஒருவர் செய்தாலும் அடுத்த வருடம் நம் பக்கத்து மாணவர்களுக்குக் கதவு திறக்காது.

தூதரகத்துக்குள்ள போயிட்டா அது அந்த நாட்டு மண்ணாமே?

இல்லை. நிலம் அது அமைந்திருக்கும் நாட்டுக்கே சொந்தம். மேலே சொன்ன 1961 வியன்னா உடன்படிக்கையின் 22-ஆம் பிரிவுப்படி, தூதுக்குழுத் தலைவரின் அனுமதியின்றி உள்ளூர் அதிகாரிகள் உள்ளே நுழைய முடியாது. அவ்வளவுதான்.

இதுக்குப் போனா ஐ.எஃப்.எஸ். ஆகலாமா?

நேரடித் தொடர்பு கிடையாது. இந்திய வெளியுறவுப் பணிக்கு யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுதான் வழி. குறைந்த வயது 21, பொதுப் பிரிவுக்கு உச்ச வரம்பு 32. முதல்நிலைத் தேர்வு வினாத்தாள் ஆங்கிலம், இந்தியில்தான் வரும். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத் தேர்விலும் தமிழில் பேசலாம். ஐ.நா.வில் சேர 32 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இளம் அலுவலர் தேர்வு ஒன்று உண்டு; அந்தந்த வருடப் பட்டியலில் வரும் நாட்டவர்களுக்கு மட்டும். ஐ.நா. செயலகத்தின் உள்ளகப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. ஜெனிவாவில் மாதக்கணக்கில் சொந்தச் செலவில் இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அங்கே பழகுன வெளிநாட்டுப் பிள்ளைக செட்டிநாடு பார்க்க வர்றேங்குறாங்க. எங்க வீட்டுலயே தங்க வைக்கலாமா?

தங்க வையுங்கள். ஆனால் வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் தளத்தில் பதிய வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. ஹோட்டல்களுக்கு மட்டும் உள்ள விதி என்று பலர் நினைக்கிறார்கள். பாஸ்போர்ட், விசா விவரங்களை முகப்பில் வரவேற்ற உடனேயே வாங்கிப் பதிந்துவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைக்கும் பிள்ளையார்பட்டிக்கும் அழைத்துப்போவது இருக்கட்டும். ஒரு நாள் பிற்பகல் வீட்டுப் பெரியவர் யாராவது பர்மாக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் காட்டட்டும். நிலம் போன விவரத்தை உங்கள் பிள்ளையே ஆங்கிலத்தில் சொல்லட்டும்.